நோன்புக் கஞ்சிக்கான வாயு

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பள்ளிவாசல் அடுப்பு பிற்பகலிலேயே அணைந்துபோயிருந்தது. தேக்சாவில் அரிசி பாதி வெந்து நின்றது. விறகு என்பதை அந்த ஊர் மறந்து வெகுகாலமாகிறது.

தகவல் கேட்டு ஓடிவந்த பாறை ஆய்வாளர் தமயந்தியைச் சமையற்காரர் ஜெய்லானி பாய் நிமிர்ந்து பார்த்தார்.

ரமலான் கஞ்சிக்கென்று எல்லா வீடுகளும் தங்கள் சமையலறைக் கழிவிலிருந்து வந்த வாயுவை, ஊருக்கு அடியில் கிடந்த களிப்பாறைக்குள் ஆண்டு முழுக்கச் சேர்த்திருந்தன. பாறையைத் தேர்ந்தெடுத்தவள் தமயந்திதான். அதன் நுண்துளைகள் வயிறு பெருத்து, கழுத்து சிறுத்த குப்பிகளாக இருந்ததைக் கருவியில் பார்த்தும் இருந்தாள். எவ்வளவு கொள்ளும் என்று ஊர் கேட்டது, சொன்னாள். எவ்வளவு திரும்பி வரும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சோதித்துப் பார்க்கவில்லை.

"வாயு உள்ளதான் இருக்கு பாய். துளைச் சுவர்ல ஒட்டிக்கிச்சு. துளையோட சின்னக் கழுத்து வழியா இனிமே வெளிய வராது."

"அன்னைக்கே சொன்னீங்களேம்மா, இந்தப் பாறை நல்லா புடிச்சு வச்சுக்கும்னு" என்றார் பாய். அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

பாங்கு ஒலித்தது. வரிசையில் நின்ற பெண்கள் வெறும் தூக்குவாளிகளை மூடினார்கள். பாய் பேரீச்சம்பழத் தட்டை எடுத்து, விருந்தாளியாயிற்றே என்று முதலில் அவளிடம் நீட்டினார்.

"நான் மத்தியானம் சாப்பிட்டுட்டேன் பாய்" என்றாள் தமயந்தி.