நுழையக் கூடாத தெருவின் அம்மன்

"அங்க போர்டே இல்லைங்கய்யா. அம்மன்தான் இருக்கா" என்றாள் பூங்கோதை. ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் ஸ்கூட்டரை ஓட்டியதாக அவள்மேல் வழக்கு. அபராதம் கட்ட முடியாது என்று கோர்ட்டுக்கே வந்துவிட்டாள். போர்டு இருக்கிறது என்று அடித்துச் சொன்னார் போக்குவரத்துக் காவலர் மாசிலாமணி. கழற்றிக் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி.

அடுத்த வாய்தாவுக்கு மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்து மேசைமேல் சாய்த்து வைத்தார்கள். சிவப்பு வட்டத்தின் நடுவே இருந்த வெள்ளைப் பட்டை திருநீறாகியிருந்தது. அதன்மேல் குங்குமம். கீழே இரண்டு வெள்ளிக் கண்மலர்கள் கோர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வாடாத எலுமிச்சம்பழ மாலை.

"இதுதானா அந்த போர்டு?"

"இதேதான்யா. டியூட்டிக்கு முன்னாடி தினமும் பார்ப்பேன்."

"கிட்ட வந்து அடையாளம் காட்டுங்க."

மாசிலாமணி நகரவில்லை. "கால்ல பூட்ஸ் இருக்குங்கய்யா."

ஒருவரும் சிரிக்கவில்லை. தீர்ப்பு எழுத நீதிபதி பேனாவைத் திறந்தார். கூண்டில் நின்ற பூங்கோதைக்கு மட்டும் மேசைக்கு அடியில் இருந்தது தெரிந்தது: ஓரமாகத் தள்ளி வைத்த கறுப்பு ஷூக்களும், தரையில் பதிந்திருந்த நீதிபதியின் வெறுங்கால்களும்.