செரைனாவின் முதல் போலோ

பனியை வெள்ளைப் புழுதியாகக் கிளப்பிக்கொண்டு குதிரைகள் பாய்ந்தன. சிவப்புப் பந்து கோலுக்குள் போனதும் கூட்டம் கத்தித் தீர்த்தது. ஐதா மட்டும் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, தோக்கறது உங்க டீமா?” என்று கேட்டான் பக்கத்தில் நின்ற யோரிஸ். அன்று காலைதான் பெல்ஜியத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்கு வந்து இறங்கியவன்.

“எந்த டீம் ஜெயிச்சா என்ன தம்பி! எம் பொண்ணு செரைனாவுக்கு இதுதான் முதல் போட்டி. இத்தனை வருஷமா அவ அப்பா பார்த்துட்டிருந்த வேலை. போன வருஷம் தவறிட்டார்.”

யோரிஸ் எட்டிப் பார்த்தான். “குதிரை மேல எல்லாரும் ஆம்பளைங்களாச்சே?”

“அவ குதிரையில ஏறினா மறுபக்கம் விழுந்துடுவா! இன்னிக்கு ஆடலாம்னு காலையில சொன்னது அவதான். அதிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை.”

“அதைச் சொல்ல ஒரு ஆளா? பனிதான் கொட்டிக் கிடக்கே!”

“பனிக்கு அடியில ஐஸ் தாங்குமான்னு துளை போட்டுப் பார்க்கணுமே தம்பி.”

“ஐஸுக்கு அடியில?”

“ஏரி.”

யோரிஸ் சட்டென்று ஒரு காலைத் தூக்கினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஐதாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கைபேசி அடித்தது.

“அம்மா, எங்க நிக்கிறே?” செரைனாதான். “பயமா இருந்தா கரைக்குப் போயிடு.”

“ஏரி மேலதான்டி நிக்கிறேன். இங்க ஒரு தம்பி தன் மொத்த எடையையும் ஒத்தைக் கால்ல வெச்சு நிக்கிறார், அவரையும் தாங்குது. நீ போய்ச் சாப்பிடு.”

கைபேசியை வைத்துவிட்டு ஐதா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

“ஆமா தம்பி, எந்த டீம் ஜெயிக்குது?”