பஸ்ஸை மறித்தால் சொல்ல வேண்டியது

றமீஸா டீச்சர் இரண்டு வாங்குப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டு, இதுதான் பஸ் என்றாள்.

பிள்ளைகள் அடித்துப் பிடித்து ஏறினார்கள். சன்னலோரம் யாருக்கு என்று சண்டை வேறு. எல்லாரையும் அதட்டி உட்கார வைப்பதற்குள் டீச்சருக்கு மூச்சு இரைத்தது.

இரைக்காமல் என்ன செய்யும். விடியக் கட்டுகஸ்தோட்டையில் ஏறி, கண்டியில் மாறி, புசல்லாவையில் இறங்கி, அங்கிருந்து தேயிலைக்குள்ளால் மூன்று மைல் நடை. போதாக்குறைக்கு அட்டைக்கடி. மகளுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று உம்மா சொந்தக்காரர் வீடெல்லாம் வட்டிலப்பம் அனுப்பினாளே, அவளை ஒரு நாளைக்கு இந்த மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கத்தான் தை மாதம் அவளை இங்கே போட்டார்கள். புத்தகத்தில் தாமரைப்பூ இருந்தது, யானை இருந்தது. வெளியே, எண்பத்துமூன்று ஆடிக்கலவரத்தில் எரிந்த தொழிலாளர் லயத்துக்கு இன்னும் கூரை போட்டு முடியவில்லை. அந்த லயத்துப் பிள்ளைகளிடம் தாமரைப்பூவுக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்க அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. இரண்டாம் கிழமை புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு ஒரே பாடம்தான். ஒருவன் பஸ்ஸை மறித்து ஏறுகிறான். கேட்கிறான். என்ன சொல்வாய்?

நாலு வகுப்புக்கு நாலு தடவை பஸ்ஸை மறிக்கும் காடையனாக நடித்துக் களைத்து வீட்டுக்குப் போகிறவளுக்கு, திரும்பும் பஸ்ஸில் யாராவது தடதடவென்று ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் அவள் பாடத்தை விடவில்லை.

அதில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. ஆடியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் அவள் வந்த பஸ்ஸையும் மறித்தார்கள். ஒருவன் அவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிசிறில்லாத சிங்களத்தில் பெயரைச் சொன்னாள், போகுமிடத்தைச் சொன்னாள். அவன் அடுத்த சீட்டுக்குப் போனான். நாக்குத்தான் காப்பாற்றியது என்று அன்றைக்கு உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இன்றைக்கு வகுப்பு வாசலில் ராக்கம்மா வந்து நின்றாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. கங்காணியிடம் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

விடிந்தால் அவளும் மகள் பவளக்கொடியும் கண்டிக்குப் போகிறார்கள். இந்தியாவுக்குப் போவதற்குப் பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கலவரத்துக்குப் பிறகு அவர்கள் பஸ் ஏறுவது இதுதான் முதல் தடவை.

“எனக்கு சிங்களம் ஒரு வார்த்த வராதுங்க டீச்சர். எங்க ரெண்டு பேருக்கும் இவதான் வாய்,” என்றாள்.

ராக்கம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. வழிப்பயணத்துக்குப் பயந்து இன்றைக்கே பொட்டை அழித்துவிட்டாளாக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அந்த நாட்களில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

இந்தியாவுக்குப் போகிறவளுக்கு எதற்குச் சிங்களம் என்று தலைமை வாத்தியார் காலையில் நக்கலடித்தார். கப்பல் ஏறும்வரைக்காவது உயிரோடு இருக்க வேண்டுமே என்று டீச்சர் சொல்லவில்லை. பதில் சொல்லவும் தெம்பு வேண்டும்.

நீள அடிமட்டத்தைச் சுடுகிற துவக்கு மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குள் ஏறினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பவளக்கொடி மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

டீச்சர் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

“மகே நம பவளக்கொடி.”

எங்கே போகிறாய் என்று கேட்டாள்.

“அம்மா எக்க மஹநுவர யனவா.” அம்மாவோடு கண்டிக்குப் போகிறேன்.

தடுமாற்றமே இல்லை. எந்த ஊர், எதற்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று டீச்சர் கேட்கக் கேட்க, கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. வாசலில் நின்ற ராக்கம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மகளின் ஒவ்வொரு பதிலுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள்.

டீச்சருக்கு அன்றைய அலுப்பெல்லாம் பாதியாகக் குறைந்தது. இந்தப் பிள்ளை தாயைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவந்துவிடும். சந்தோஷத்தில் காடையன் வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

“ஒனக்கு யாரு மகள் இவ்வளவு நல்லா செல்லித் தந்தது?”

“எங்கப்பாங்க டீச்சர். அப்பா ரொம்ப நல்லா சிங்களம் பேசுவாரு. நாட்டுச் சிங்களவங்க கடைக்குப் போனா எங்க லயத்துக்கே அவருதான் பேசுவாரு.”

பவளக்கொடி வாங்கின் விளிம்பை விரலால் சுரண்டினாள்.

“அன்னைக்கி லயத்துக்கு வந்தவங்க அப்பாகிட்ட ஒண்ணுமே கேக்கலீங்க டீச்சர்.”

எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது. தெரியாதவள் டீச்சர் ஒருத்திதான்.

அவள் பார்வை ராக்கம்மாவின் வெறும் நெற்றிக்குப் போய், தன் கையிலிருந்த அடிமட்டத்துக்குத் திரும்பியது. அதை எங்கேயாவது வைத்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் மேசை இல்லை.

“நீங்க கேளுங்க டீச்சர்,” என்றாள் ராக்கம்மா வாசலில் இருந்து. “அவ சொல்லுவா.”

றமீஸா டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயர் என்ன என்று மறுபடியும் முதலில் இருந்து கேட்டாள்.