குளிர் கூடின ஊர்

“அபடீன்ல பனி எம்மட்டுக் கொட்டும்?” ஆதம்பாவா போடியார் கழுத்து வியர்வையைத் துவாயால் துடைத்தபடி மறுபடியும் கேட்டார்.

“வேலி மறையும் போடியார். மூச்சு விட்டா மீசையில ஐஸ் கட்டும்,” என்றான் றஸாக். இங்கிலீசுக் கப்பலில் கரி அள்ளிப்போட்டவன். சாய்ந்தமருதில் அவனை விட்டால் சீமைக் குளிர் பட்டவன் இல்லை.

கதவுத் திரைக்குப் பின்னால் போடியாரின் மனைவி சபூறா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மகள் ஸம்ஸியாவுக்கும் ஜவுபருக்கும் கலியாணக் காவின் எழுதியாகிவிட்டது. மருமகன் இந்த வீட்டுக்கு வந்து குடியேறுவது சீமைப் படிப்பு முடிந்த பிறகுதான். போகிறவன் முழுசாகத் திரும்பி வரவேண்டுமே.

“சனம் என்ன உடுக்கும்?” போடியார் விடவில்லை.

“அபடீன்லயா? அது சீமைட வடக்கு முனை, கண்ணும் மூக்கும்தான் வெளிய தெரியும். கைக்கும் உறை, காலுக்கும் உறை. வருசத்தில பாதி அப்படித்தான். சவுதாம்டன் தெற்குக் கரை, அங்க இம்மட்டு இல்ல.”

பக்கத்தில் இருந்த ஜவுபர் மெல்ல வாயைத் திறந்தான். “மாமா, எனக்கு லேசில தடிமல் புடிக்கும். சவுதாம்டன் கொலீஜ்லயும் இடம் தந்திரிக்காங்க.”

“அபடீன்தான் மருமகன். ஆம்புள எண்டா குளிர் தாங்கோணும்.”

வரம்புச் சேறு காலில் படாமல் மாட்டுக் கரத்தையில் போய் வயல் பார்க்கிற மனிதர் இப்படிச் சொன்னதும், றஸாக் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தான்.

இருவரும் போனதும் சபூறா வெளியே வந்தாள். “உங்களுக்கு இரக்கம் இல்லையா? அந்தப் புள்ளயக் கொண்டுபோய் ஐஸுக்குள்ள போடப் போறயளே.”

“மெல்லக் கதை புள்ள.” போடியார் குரலைத் தாழ்த்தினார். “மருதமுனையால படிக்கப் போனவன் வெள்ளக்காரியோட வந்து இறங்கினது மறந்து போச்சா? அதுக்குத்தான் குளிர் கூடின ஊரா விசாரிச்சன். அபடீன்ல பொம்புளையள் உச்சி தொட்டு உள்ளங்கால் மட்டும் மூடிக்கிட்டுத் திரியிறாளுகள். நம்மட ஊரை விட ஒழுக்கம். மருமகன் எதைப் பார்த்து மயங்குவாரு?”

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

சபூறா தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கி எடுத்தாள்.

“அம்மட்டுக் குளிருக்க மருமகன் தனியவா படுப்பாரு?”