பூலோகத்தின் நாலு வேலை

"வாட்ச்மேன்னா கேட்டைப் பாக்கணும். கடை போடக் கூடாது," என்றார் சுரேந்திரன்.

செம்பூரில் அந்த ஏழு மாடிக் கட்டடத்துக்கு அவர்தான் செகரட்டரி. எதிரே பூலோகம், கார் துடைத்த ஈரத்துணியோடு.

"காலையில கார் கழுவுறே. கேபின்ல முட்டை விக்கிறே. மத்தியானம் இஸ்திரி. போதாதுன்னு பம்ப் ரூம் பின்னாடி கீரைப் பாத்தி வேற."

"டூட்டில ஒரு கொறையும் வைக்கலயே சார். ஒத்தச் சம்பளத்த நம்பிக் கெடந்தா பிள்ளைகள எப்பிடிப் படிக்க வைக்கது?"

"அது என் பிரச்சினை இல்லை. ஞாயித்துக்கிழமை கமிட்டில உன்னை அனுப்பிடச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறேன்."

பூலோகம், முட்டை கேட்டு வந்த இரண்டாம் மாடி ஆபிதாவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். சுரேந்திரனுக்குப் பரம திருப்தி.

மேலே வந்து லேப்டாப்பைத் திறந்தார். ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு உதவும் தொண்டு நிறுவனத்தில் உத்தியோகம். மலாவி நாட்டைப் பற்றிய அறிக்கை அன்றைக்கே போயாக வேண்டும். மேலதிகாரி சஃபீனா கேட்டிருந்தது ஒன்றே ஒன்று, நிஜமான மனிதர் ஒருவரின் உதாரணம். அதுதான் அகப்படவில்லை.

'மக்காச்சோளம் ஒன்றையே நம்பினால் மழை பொய்க்கும் வருஷம் குடும்பமே பட்டினி. கோழி, தோட்டம், சின்ன வியாபாரம் என்று நாலு வழியில் சம்பாதிப்பவரே பிழைக்கிறார்' என்று அழுத்தம் திருத்தமாக முடித்தார்.

அதே சூட்டோடு கமிட்டிக்கான கடிதத்தையும் அடித்தார். பூலோகத்தின் நாலு வேலையும் ஒன்று விடாமல் அதில் இருந்தது. கையெழுத்தை மட்டும் மீட்டிங்கில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

அறிக்கையை அனுப்பிய அரை மணியில் சஃபீனாவிடமிருந்து போன்.

"பிரமாதம் சுரேந்திரன். ரிப்போர்ட்டோட ஒரு லெட்டரும் வெச்சிருக்கீங்களே, அதான் நான் தேடின உதாரணம். காவல் வேலையும் பாத்துக்கிட்டு கார், முட்டை, இஸ்திரி, கீரைன்னு என்னமா உழைக்கிறார் மனுஷன். இந்தப் பூலோகம் மலாவியில எந்த ஊர்?"

சுரேந்திரன் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தார். அவசரத்தில் இரண்டையும் ஒரே மெயிலில் சேர்த்துத் தொலைத்திருக்கிறார்.

"மேடம், அது வந்து..."

"ஊரை அப்புறம் சொல்லுங்க. கடைசி வரியில, அவரை வேலையை விட்டுத் தூக்கணும்னு எவனோ எழுதியிருக்கான் பாருங்க. அந்த ஆள் பேரைக் கண்டுபிடிச்சு, 'விவசாயிகள் முன்னேறத் தடைகள்'னு ஒரு பகுதி இருக்கே, அதுல முதல்ல சேருங்க."