அட்டை தெரிய வைத்தவன்

ஹோபார்ட் நகரப் புத்தகக்கடை அலமாரியில் கேலம் தினமும் தன் புத்தகத்தை அட்டை தெரியத் திருப்பிவைப்பான். மறுநாள் அது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ‘யாரும் கவனிக்காத இன்கிரிட்’ என்ற அந்தப் புத்தகம், இன்கிரிட் என்னும் சமகால நாவலாசிரியையைப் பற்றி அவன் ஆறு வருடம் உழைத்து எழுதியது.

“ட்ரெவர், உன் வேலைதானே?” என்று கடைக்காரரைக் கேட்டான்.

“எனக்கு வேற பொழப்பில்லையா? தினமும் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு வர்றது நீதான்.”

அப்படியானால் யாரோ பொறாமை பிடித்த விமர்சகன்தான். கேலம் சமையல் நூல்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். மழைக்கோட்டுக்குள் முகம் மறைத்த ஓர் உருவம் வந்து புத்தகத்தைத் திருப்பியது. பாய்ந்து கையைப் பிடித்தான்.

இன்கிரிட்டேதான்.

“உங்களைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கேன்?”

“நல்லாத்தான் எழுதியிருக்க, தம்பி. ஆனா நீ இப்படி நிறுத்திவச்சா, பின்னால இருக்கிற என் நாவல் மறைஞ்சுபோகுதே.”