ஒரு வண்டி மட்டும் வியர்த்தது

வண்டி வியர்க்கத் தொடங்கியிருந்தது.

அதன் மெக்கானிக்கான அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை வெயில். ஓடுதளத்தில் தோசை வார்த்தால் திருப்பிப் போடத் தேவையில்லை. அந்தப் பக்கமும் தானே கருகிவிடும். கால் மைல் டிராக் ரேஸ் ஓடி முடித்த ஆறு பைக்குகளும் கொதித்தன.

இல்லை, ஐந்துதான் கொதித்தன.

தம்பி ரீகன் ஓட்டி ஜெயித்த வண்டியில், சீட்டுக்கு அடியிலிருந்த சேஸிஸ் குழாய்மேல் முத்து முத்தாக நீர்.

குழாய்க்குள் நைட்ரஸ் வாயுக் குப்பி. ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கினால் தானே திறந்துகொள்ளும். எஞ்சினுக்குப் பேய் பிடிக்கும். காலியான குப்பியோ ஐஸ் கட்டியாகிவிடும்.

ஒளித்து வைத்தவள் அவள்தான். தம்பிக்குத் தெரியாது. தன் கைத்திறமை என்றே நம்பி, மேடையருகே தரையில் கால் பாவாமல் திரிகிறான்.

துப்பட்டா நுனியால் ஒரு துடைப்பு போதும். ஆனால் ஓடி முடித்த வண்டியைச் சோதனைக்காரர் பார்க்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது.

பிரித்துப் பார்த்து அகப்பட்டால் மெக்கானிக், ஓட்டியவன் இருவருக்கும் ஆயுள் தடை. பிரிக்குமுன் ஒத்துக்கொண்டால் தடை ஒத்துக்கொண்ட ஆளோடு போகும்.

காயட்டும், காயட்டும்.

கடல்காற்று ஈரத்தோடு வந்தது. சொட்டு ஒன்று விழுந்தது. அடுத்த ஜில்லாவுக்கே கேட்டிருக்கும்.

சோதனைக்காரர் நாயகம் ஐந்தாவது வண்டியிடமிருந்து எழுந்தார். அவரைக் கண்டால் பெட்ரோலே பிறந்த ஊரைச் சொல்லிவிடும் என்பார்கள். ஆடி அசைந்து வந்தார். ரீகனின் வண்டியருகே குந்தினார்.

எஞ்சினைப் பார்க்கவே இல்லை.

கைக்குட்டையை எடுத்து அந்தக் குழாயில் சுற்றினார். சற்றுப் பொறுத்து, அதைப் பிடரியில் போட்டுக்கொண்டார். சுகமாகக் கண்ணை மூடினார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் சித்திரை. இந்த வண்டிக்கு மட்டும் மார்கழியா?"

பையைத் திறந்தார். இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்து மடியில் வைத்தார்.

அறுக்கவில்லை. காத்திருந்தார்.

மேடையில் ரீகனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அங்கிருந்தே அக்காவுக்குக் கையை ஆட்டினான்.

அவள் கழுத்திலிருந்த மெக்கானிக் அட்டையைக் கழற்றினாள். நாடாவில் முடி சிக்கியது.

பிய்த்துக்கொண்டு நாயகத்தை நோக்கி நடந்தாள்.